தங்கம் அத்தை பேசிய வெள்ளிக்கிழமைகள்

அன்புள்ள எபிக்கு,

முதலில் மன்னித்துக்கொள். வாரம் தவறாமல் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில், காகிதத்தில் பக்கம் பக்கமாக எழுதி ஆள் மூலம் கொடுத்தனுப்புகிற அம்மாவை நினைத்தால் உனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பயமும் வரும். பயப்படும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் இறந்துவிடவில்லை. இதை எழுதும்போது உன் அப்பா கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார், மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. கவரைக் கொண்டுவந்த ரஹீம் கூச்சப்பட்டு உடனே கிளம்பப் பார்ப்பான். விடாதே. டீ போட்டுக் கொடு. நீ படித்து முடிக்கிறவரை உட்கார்ந்திருக்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

சொல்லவேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். தஞ்சாவூர் டாக்டர் பார்த்துவிட்டார். பரவவில்லை, ஆபரேஷன் செய்துகொண்டால் நன்றாக இருப்பார் என்று நம்பிக்கையாகத்தான் சொல்கிறார். ஆனால் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு கழுத்தில் போடும் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. இப்போது இருக்கிற குரல் திரும்பி வராது. ஏதோ கருவி வைத்துப் பேசப் பழகலாமாம், அது வேறு சத்தமாக இருக்கும். ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன். அதற்கு மேல் தள்ளக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள், "அப்பா குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு?" என்று நீ கேட்டாய். "ஏலத்துல கத்துனதுதான் தம்பி, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று அவர் சொன்னார். நம்பாமல் இருக்க உனக்குக் காரணமில்லை. பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விட என்றால் சபையில் அவர்தானே. பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னங்க சபையாரே, சாம்பாருக்கு வாங்குற மாதிரி கேக்குறீங்க? இது ஆண்டவருக்கு வந்த பூசணிங்க!" என்று அவர் போடும் சத்தத்தில் தெருக்கோடியில் கட்டியிருக்கிற மாடு எழுந்து நிற்கும் என்று நீயே கேலி செய்வாய். இந்த வருடம் பாதி ஏலத்தில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வேறொருவரை மேலே ஏறச் சொல்லிவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் முதலில் சொன்னதே உன்னைப் பற்றித்தான். "எபிகிட்ட சொல்லாதே. இப்பதான் துபாய்ல அவனை சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க. கேள்விப்பட்டா எல்லாத்தையும் போட்டுட்டு வந்து நிப்பான்."

"பின்னாடி தெரிஞ்சா என்ன நெனைப்பான்?"

"பின்னாடி நான்தான் நல்லா இருப்பேன்ல. அப்ப நானே சொல்லிக்கிறேன்."

"எந்தக் குரல்ல சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த அன்று மாலையே உன் பெரியப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தம்பியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பயலுக்குச் சொல்லிட்டீங்களா?"

அவர் ஏன் அதை மட்டும் கேட்டார் என்பது உனக்குப் புரிய வேண்டுமென்றால் உன் பாட்டி அன்னம்மாள் இறந்த கதை தெரிய வேண்டும். கம்பெனியில் லீவு கிடைக்காது, அதனால் பெரியப்பாவால் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று நீ கேள்விப்பட்டிருக்கிறாய். அது பொய்யில்லை. ஆனால் அது பாதி.

நான் பி.ஏ. முடித்த வருடம் அது. எங்கள் தெருவில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் எல்லாரும் என்னிடம் ஏதோ எதிர்பார்த்தார்கள். நானோ நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயைத் திறக்கமாட்டேன். நன்னிலம் கடைத்தெருவில் ஜமால் பாய் அப்போதுதான் மஞ்சள் போர்டு மாட்டி டெலிபோன் பூத் திறந்திருந்தார். "படிச்ச புள்ளை, பேசவும் பேசாது. போன் கடைக்கு வேற என்னங்க வேணும்?" என்று என் அப்பாவிடம் சொல்லி என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போய்விடுவார். அரபு நாட்டில் இருப்பவர்களுக்கு அன்றுதான் விடுமுறை என்பதால் அங்கிருந்து போன்கள் வருவதும் அன்றுதான். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். இன்ன நேரத்துக்கு மகன் கூப்பிடுவான் என்று சுற்றுப்பட்டிலிருந்து வந்து பெஞ்சில் காத்திருப்பார்கள். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. நான் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த பெண், ரிசீவரைக் கையில் எடுத்ததும் "எல்லாரும் நல்லா இருக்கோங்க" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்தும் அதே பதில்தான் வந்திருக்கும். இரண்டு பக்கமும் நல்லா இருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே நேரம் முடிந்துவிடும். இது இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. வெளியே இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. சொன்னால் அவன் வரவும் முடியாது, இருக்கவும் முடியாது என்பார்கள்.

பெரியப்பா பாக்கியநாதன் அப்போது சவூதியில் தம்மாமில் கட்டட வேலையில் இருந்தார். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, ஒப்பந்தம் முடியாமல் வர வழியில்லை. பாட்டி நாலைந்து நாள் காய்ச்சலில் போய்விட்டார்கள். அடக்கம் முடிந்த கையோடு, அண்ணனுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது உன் அப்பா. அப்போது அவர் ரைஸ்மில்லில் வேலை பார்த்த இளைஞர். வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனால்தான் அப்படி முடிவு செய்தார். இதை நீ மறக்கக்கூடாது.

முதல் சில வாரங்கள் சமாளித்தார். அம்மா நடவுக்குப் போயிருக்கிறது, அம்மாவுக்குப் போனில் பேசினால் காது இரைகிறதாம், அம்மா குடவாசலில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது. பெரியப்பா விடவில்லை. "டேய், ஒரு தடவை கூட்டிட்டு வாடா. ஒண்ணும் பேச வேண்டாம், குரலைக் கேட்டாப் போதும்." அடுத்த வெள்ளிக்கிழமை உன் அப்பா சைக்கிளில் பின்னால் ஒரு அம்மாவை உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுத் தங்கம் அத்தை. உன் பாட்டியோடு ஒரே வயலில் ஆயுசெல்லாம் நடவு நட்டவர். வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல் இரண்டு பேருக்கும். லைனிலோ எப்போதும் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அத்தை ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தார். உன் அப்பா திருப்பிக் கொடுத்தார். "ராசா... நல்லா இருக்கியா ராசா?" என்றார் அத்தை. அதற்கு மேல் முடியவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "என்னைய ஏன்டா டேவிட்டு இந்தப் பாவத்துல இழுத்துவிடுறே?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆனால் அடுத்த வாரம், சொல்லாமலேயே தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு தயாராக இருந்தாராம். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. எனக்கு அது மெதுவாகத்தான் புரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவர் பேச்சு நீண்டுகொண்டே போனது. "வெயில்ல தலையில துணி கட்டிக்க. சாப்பாட்டை மிச்சம் பண்ணாத. எவன்கூடயும் சண்டைக்குப் போவாத ராசா." யாரும் சொல்லிக் கொடுக்காத பேச்சு. பேசிவிட்டு வெளியே வரும்போது அவர் முகம் திருமண வீட்டிலிருந்து வருகிறவர் முகம் மாதிரி இருக்கும். உன் அப்பா முகம் மட்டும் வாரத்துக்கு வாரம் வற்றிக்கொண்டு போனது. நம் கோயிலில் மாதத்துக்கு ஒருமுறை பாதிரி ஐயர் வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். முந்தின நாள் சனிக்கிழமையே, மற்ற நாளெல்லாம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். யாரோடும் பகையில்லை, மனதில் மறைவில்லை என்றால்தான் பெயர் கொடுக்கலாம். பாட்டி இறந்ததிலிருந்து உன் அப்பா பெயர் கொடுக்கவே இல்லை. ஆராதனைக்கு வருவார், எல்லாரும் பந்திக்கு எழுந்து போகும்போது பின் வாசல் வழியாக வெளியே போய்விடுவார். துக்கத்தில் இருக்கிறார் என்று சபையார் நினைத்தார்கள். அவரையும் அத்தையையும் தவிர, சபையில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போன் கடையில் கேட்டது போன் கடையோடு என்று ஜமால் பாய்க்கு வாக்குக் கொடுத்திருந்ததால் நான் யாரிடமும் பேசவில்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு போர்வையால். தம்மாமிலிருந்து லீவில் வந்த ஒரு ஆள், பாக்கியநாதன் தன் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பியது என்று ஒரு கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்து, "அன்னம்மா வீடு எதுங்க?" என்று உபதேசியாரிடமே கேட்டிருக்கிறார். உபதேசியார் பெயர் ஆசீர்வாதம். பொய் என்றால் நெருப்பை மிதித்த மாதிரி குதிப்பவர். சின்னப் பிள்ளைகள் வேடிக்கைக்குச் சொல்லும் பொய்க்கே முழங்காலில் நிற்க வைப்பார். அந்த வெள்ளிக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக பூத்துக்கு வந்து நின்றார். உன் அப்பாவும் தங்கம் அத்தையும் பெஞ்சில் இருந்தார்கள். அன்று ஜமால் பாயும் தொழுகை முடிந்து திரும்பியிருந்தார்.

"எழுந்திரு தங்கம். யாருக்கு யாரு தாயி? டேவிட்டு, செத்தவளைப் பேச வச்சிருக்கியே, இது என்ன மாய வித்தையா? நான் அடக்கம் பண்ணின பொம்பளை அவ!"

"ஐயா, சத்தம் போடாதீங்க ஐயா. அவன் தாங்கமாட்டான் ஐயா."

"பொய்யை மட்டும் தாங்குவானா?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்தேன். பெரியப்பாதான். நான் பெயரைச் சொல்லும் முன் உபதேசியார் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். "பாக்கியநாதா, நான் உபதேசியார் பேசுறேன். ஒரு உண்மையைச் சொல்லணும், கேட்டுக்க. உங்கம்மா..." என்றார். ஜமால் பாய் எட்டி, போனின் கொக்கியை அழுத்திவிட்டார். லைன் அறுந்துபோனது. கடைக்காரர் வாடிக்கையாளரின் போனை அறுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏன் பாய் கட் பண்ணீங்க? நீங்களும் இந்தப் பொய்க்குக் கூட்டா?"

"இல்லீங்க ஐயா. சொல்லுங்க, நல்லா சொல்லுங்க. பொய் போதும், நானும் இத்தனை நாள் இதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கக் கூடாது. ஆனா அவன் அங்க எங்க நிக்கிறான்னு தெரியுமா? ரோட்டோரம் ஒரு போன் கூண்டுல நிக்கிறான். பின்னாடி க்யூல நிக்கிற ஆளுங்க, சீக்கிரம் பேசு சீக்கிரம் பேசுன்னு கதவைத் தட்டுவானுங்க. நீங்க சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுடுவீங்க. அவன் யாரைப் பிடிச்சுக்கிட்டு அழுவான்?"

உபதேசியார் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். போன் மறுபடி மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக நீளமான மணி அதுதான். கடைசியில் ஜமால் பாயே எடுத்து, லைன் சரியில்லை, அடுத்த வாரம் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்தார். அதுவும் பொய்தான் என்று உபதேசியார் முணுமுணுத்தார். "ஒரு வாரத்துக்குக் கடன் கேட்டிருக்கேங்க" என்றார் பாய்.

அவருடைய தம்பி ஹாஜா அதே தம்மாமில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். பாய் அவருக்குப் பேசினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஹாஜா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பெரியப்பா தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போய், ஊர்க்காரன் என்று அறிமுகம் செய்துகொண்டு, தன் அறைக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டு, அங்கிருந்த போனில் நம் பூத்துக்குக் கூப்பிட்டார். இந்தப் பக்கம் உபதேசியார் பேசினார். நான்தான் சொல்வேன், சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியவன் நான்தான் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். போன வாரம் கத்திய குரல் இல்லை அது. காய்ச்சல் எப்போது வந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக என்ன கேட்டார்கள், அடக்கத்தில் என்ன பாட்டுப் பாடினோம், கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தம்பி ஏன் மறைத்தான் என்பதையும் சொன்னார். பிறகு பேசவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. அந்தப் பக்கத்து அழுகையை அவர் கேட்டுக்கொண்டே நின்றார், கண்ணீர் வழிந்து சட்டைக் காலர் நனைந்தது. உன் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிவிடவில்லை. அண்ணன் கூப்பிட்டபோது போய் ரிசீவரை வாங்கினார். அவர்கள் பேசியதை மட்டும் நான் கேட்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகொரு நாள் உபதேசியார் பூத்தைக் கடந்து போகும்போது நின்று, என்னிடம் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். "அன்போட உண்மையைப் பேசணும்னு எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கேன். போன் கைக்கு வந்ததும் உண்மை மட்டும்தாம்மா ஞாபகம் வந்துச்சு." அந்த மாதம் உன் அப்பா திருவிருந்துக்குப் பெயர் கொடுத்தார். தங்கம் அத்தையும் கொடுத்தார். உபதேசியார் எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டாராம்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உனக்கு எழுதியிருக்க மாட்டேன். ஒப்பந்தம் முடிந்து பெரியப்பா ஊருக்கு வந்தார். கல்லறைக்குப் போனார். தங்கம் அத்தை பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாராம். கதவைத் தட்டி, அந்தப் போர்வையை அவர் தோளில் போட்டுவிட்டு வந்தார். தம்பியிடம் கோபம் காட்டவில்லை. பிறகு ஒரு மத்தியானம் பூத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் கேட்டார். "தங்கச்சி, நீங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க. தப்பா நெனைக்கல. எங்கம்மா நெசமா பேசுனது கடைசியா எப்ப? என்ன பேசுனாங்க? எனக்கு எல்லாம் கலந்துபோச்சு. வெயில்ல துணி கட்டிக்கன்னு சொன்னது எங்கம்மாவா, அத்தையா? எதை எங்கம்மா சொன்னதுன்னு வச்சுக்கிறது?"

எனக்கு ஞாபகம் இருந்தது. பாட்டி கடைசியாக வந்த வாரம் மழை. நனைந்துகொண்டு வந்தார்கள். "செருப்புப் போட்டுக்கிட்டுத்தானே நடக்குற? அங்க தரை சுடுமாமேடா" என்று கேட்டார்கள். அதைச் சொன்னேன். துணி கட்டிக்கொள்ளச் சொன்னது அத்தை என்பதையும் சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டினார். "செருப்பு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்விட்டார். இன்றும் அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது செருப்பை மாட்டாமல் இறங்கமாட்டார். நீ சின்ன வயதில் அதைக் கிண்டல் செய்திருக்கிறாய்.

அடுத்த வருடம் உன் அப்பா வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். என் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "செத்தவ குரலை வாடகைக்கு எடுத்த பய. யோசிச்சுக்க" என்றார்கள். நான் யோசித்தேன். பொய் சொன்ன மாதங்களில் பந்திக்குப் போகாமல் பின் வாசல் வழியாக வெளியே போன மனிதரைத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

உன்னை வளர்க்கும்போது இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. சின்ன வயதில் நீ உபதேசியார் கட்சி. கிறிஸ்துமஸ் பாட்டு முடிந்ததும் எல்லார் முன்னாலும், பாடின ஒரு அத்தையிடம் போய், "நீங்க பாடும்போது நாய் ஊளையிட்டுச்சு" என்று சொன்னாய். உண்மைதானே என்று என்னிடம் வாதாடினாய். உண்மைதான். அவர் அதற்கப்புறம் கோயிலில் தனியாகப் பாடவே இல்லை என்பதும் உண்மை. துபாய்க்குப் போன பிறகு நீ அப்பா கட்சிக்கு மாறிவிட்டாய். எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய். வீடியோவில் உன் முகமும் ஒரு வெள்ளைச் சுவரும் தவிர எதையும் காட்டியதில்லை. அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்கம், நீ காட்டாத பக்கத்தில், எத்தனை கட்டில் கிடக்கிறது என்று நான் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன். உன்கீழ் இப்போது ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு ஒருநாள் நீ கெட்ட செய்தி சொல்ல வேண்டி வரலாம். மறைக்காதே. ஆனால் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகவும் செய்யாதே. அவன் அழுது முடிக்கிறவரை நிற்க உனக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல். கிறிஸ்தவ அன்பு என்று கோயிலில் கேட்கும்போது எனக்கு ஐயர் யாரும் நினைவுக்கு வருவதில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்ற உபதேசியாரும், அவரை அப்படி நிற்க வைத்த ஜமால் பாயும்தான் வருகிறார்கள். பாய்க்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

பெரியப்பா வாசலில் கேட்டுவிட்டுப் போன மறுநாள் நான் உன் அப்பாவிடம் பேசினேன். "உங்கண்ணன் அன்னைக்கு பூத்துல வந்து என்ன கேட்டாருன்னு தெரியுமா?" என்றேன். தெரியாது. இத்தனை வருடங்களில் நான் சொன்னதில்லை, பெரியப்பாவும் சொன்னதில்லை. சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றது. "செருப்பா..." என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கம்மிய குரலில், "சொல்லிக்க. ஆனா போன்ல சொல்லாத. பக்கத்துல ஆள் இல்லாமச் சொல்லாத" என்றார். ஜமால் பாயின் பேரன் ரஹீம் லீவு முடிந்து திரும்புகிறான் என்று கேள்விப்பட்டு அவரே போய்ப் பேசிவிட்டு வந்தார். ரஹீமுக்கு எல்லாம் தெரியும். உன் எதிரில் உட்கார்ந்திருப்பவனை அனுப்பியது நான் மட்டுமில்லை.

ஒரு நிபந்தனையும் போட்டார். "விஷயத்தை மட்டும் சொல்லு. வரச் சொல்லாத. அவன் வேலை போயிரும்." நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் மறைக்கப் போவதுமில்லை. இந்தக் கவரை ஒட்டும் முன் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டுவேன், இந்தப் பக்கத்தையும் சேர்த்து. கோபப்படுவார். கோபத்தில் கத்த முடிந்தால் கத்தட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேசிக்கொள்ளலாமே என்று நீ நினைக்கலாம். பேசு, தினமும் பேசு. தெரியாததுபோல் நடிக்காமல் பேசு. குரலைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றாலும் செய்துகொள். ஆனால் போனில் அவர் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார், நீயும் அதையே சொல்வாய். அந்தப் பேச்சை நான் பூத்தில் உட்கார்ந்து நிறையக் கேட்டுவிட்டேன். உன் வேலையில் எனக்கு அக்கறை இல்லாமல் இல்லை. லீவு கேட்டால் முகம் சுளிப்பார்களா, பதவி போகுமா என்பது உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று நீ ஒருநாள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

இதுவரை கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன், எபி. ஈஸ்டருக்கு முன்னால் வா. நீ வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிடும்போது, உள்ளேயிருந்து பதில் வரவேண்டும். அதற்குள் வந்துவிடு.

அம்மா